பேரேடு மாற்றிய காலம்

சித்திரை பிறப்பதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள், மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணக்குப்பிள்ளை பொழுதோடு வீடு திரும்பியதில்லை. (தீபாவளிக்குக் கணக்கு மாற்றுகிற கடைகளில் இதே கூத்து ஐப்பசியில் நடக்கும்.) பழைய பேரேடு ஒரு பக்கம், மூலையில் மஞ்சள் தடவக் காத்திருக்கும் புதுப் பேரேடு ஒரு பக்கம். பழையதில் ஆளுக்கு ஓர் ஏடு. பற்றையும் வரவையும் கூட்டி, வட்டி போட்டு, நிற்கிற பாக்கியைப் புது ஏட்டில் பெயர்த்து எழுத வேண்டும்.

எழுத்து வேலைதான். ஆனால் முதலாளி வாய் திறக்காமல் பிள்ளை ஒரு பெயரைக்கூடப் பெயர்த்துவிட முடியாது.

“மேலத்தெருக்காரர் கணக்குல நாப்பத்திரண்டு ரூபாய் நிக்குதுங்க.”

“எழுதும். உளுந்து வித்ததும் குடுத்துடுவார்.”

“வண்டிக்காரர் கணக்குங்க?”

“போன வருஷமும் இதையேதானே கேட்டீர்?”

“ஆமாங்க. அதுக்கு முந்தின வருஷமும் கேட்டேன்.”

இங்கே பேனா நின்றுவிடும். வண்டிக்காரருக்கு இனிமேல் சரக்குக் கொடுப்பதா, கடனைத் தலைமுழுகுவதா, அவர் மகன் தலையெடுக்கும்வரை பொறுப்பதா? பதில் வந்தால்தான் அடுத்த ஏடு புரளும். போன வருஷத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி, வரும் வருஷத்துக்குத் திட்டமிடுவது எப்படி என்று இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறார்கள். அன்று இரண்டும் ஒரே உட்காரலில் முடிந்தன. அப்படி ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இருந்திருக்காது.

கூட்டல் கழித்தலும் இலேசில் முடிகிறதாக இல்லை. நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆனது 1957 ஏப்ரல் 1-இல்தான். அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. வட்டிக் கணக்கில் மாகாணியும் அரைக்காலும் புகுந்துவிட்டால் ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு தரம் வெற்றிலை போட்டுவிடலாம். இந்த மந்தத்தைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை மெதுவாக ஓடியதால் கண்ணுக்கு நேரம் கிடைத்தது.

இந்த நிதானத்தை ஒரு முறையாகவே ஆக்கி வைத்திருந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டி லேவாதேவி செய்த அவர்களுடைய கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாவார். மேலாளுக்கு வழக்கமாக மூன்று வருஷத் தவணை. சம்பளத்தையும் தவணைக்கு இவ்வளவு என்றே பேசினார்கள். தவணை முடிந்தால், வந்திருக்கும் புது மேலாளிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள மாட்டார். யாருக்குக் கொடுத்த கடன், எதன் பேரில் கொடுத்தது, வருமா வராதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பொறுப்பேற்பார். நாளைக்கு அது அவர் தலையில் விடியுமே! ஊருக்கு வந்த பழைய மேலாள் முதலாளி வீட்டில் கணக்குச் சொல்வார். பிறகு சில காலம் தோப்பு துரவு, கல்யாணம் காட்சி என்று ஊரோடு இருப்பார். மறுபடி எந்த ஊருக்குப் போவது, அல்லது சொந்தமாகவே கடை வைப்பதா என்பதெல்லாம் அந்த இடைவேளையில் முடிவாகும்.

படிக்கப் படிக்க ஏக்கம் வரும் ஏற்பாடுதான். ஆனால் அதே பேரேடுகள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. 1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது, பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக இருந்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். வட்டிக்கடைக்காரர்கள் விரும்பாமலே நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். கணக்குப்படி பணம் எங்கும் போய்விடவில்லை, நிலமாக நின்றது. அந்த நிலம் யாருடைய ஊரில் இருக்கிறது, அங்கே எத்தனை பேர் வயிறெரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்குப் பேரேட்டில் ஏடு கிடையாது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. சுதந்திர பர்மா 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வளவு பொறுமையாகத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் பார்க்க வேண்டிய திசை தப்பியது.

கடன்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாற்றும் நாள்கள் இனித்திருக்க வழியில்லை. அந்தப் பதினைந்து நாளும் கடைவாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருப்பார்கள்.

இன்றைக்கு வருவோம். சர்க்காரின் நிதியாண்டு 1867 முதலே ஏப்ரல்–மார்ச்தான். ஆனாலும் சின்னக் கடைகளில் சித்திரைக் கணக்கும் ஆடிட்டர் கணக்கும் வெகுகாலம் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடின. பிறகு மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் வருஷத்துக்கு ஒரு முறை என்ற பேச்சே போய்விட்டது. மாதம் பிறந்தால் விற்பனை விவரம், அடுத்து வரிக் கணக்கு, இடையில் உள்ளீட்டு வரி பொருந்துகிறதா என்ற கவலை. மாதா மாதம் கணக்கு முடிகிறது. கடை நடத்துபவர் ஒரு தரமும் கணக்கோடு உட்காருவதில்லை. பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்.

வருஷம் மாறுவது இன்னும் சுலபம். டேலியில் ஆல்ட்டையும் எஃப்2-வையும் சேர்த்து அழுத்தித் தேதியைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு திறந்துகொள்கிறது. பாக்கிகள் தாமாகவே தொடக்க இருப்பாக வந்து நிற்கின்றன. வண்டிக்காரர் கணக்கும் வரும், யாரும் எதுவும் கேட்காமலே. ஐந்து வருஷமாகச் செத்துக் கிடக்கும் கடன் ஒவ்வொரு ஏப்ரலிலும் புத்தம் புதிதாக எழுந்து வரிசையில் நிற்பதை எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறேன்! தவறான எண் ஒன்றும் இல்லை. கூட்டல் பிழை கிடையாது. வசூலாகுமா என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மிச்சமான நேரம் எங்கே போனது என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். போட்டிக்கு ஆன்லைன் கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவைக்க வேண்டியிருக்கிறது.

புதுக்கணக்குப் பூஜை மட்டும் நிற்கவில்லை. சித்திரை முதல் நாளில் ஒரு நோட்டு வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, ‘லாபம்’ என்று எழுதிச் சாமி படத்தடியில் வைக்கிறார்கள். மானிட்டருக்கும் ஒரு பொட்டு உண்டு. நோட்டின் மற்றப் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்து, அடுத்த வருஷம் வீட்டுப் பிள்ளைகளின் ரஃப் நோட்டாகிவிடும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர், பங்குனி கடைசியில் எல்லா லெட்ஜரையும் காகிதத்தில் அச்செடுக்கச் சொல்கிறார். கடையில் இருக்கும் பையன்களுக்கு அது வேடிக்கை. திரையிலேயே தெரிகிறதே என்கிறார்கள். திரையில் அவருக்குத் தொகைதான் தெரிகிறதாம், ஆள் தெரிவதில்லையாம். பென்சிலை வைத்துக்கொண்டு சாயங்காலம் சாயங்காலமாகப் பக்கம் தள்ளுகிறார். சிலருக்கு அப்போதே போன் போகிறது. கேட்கும்போது பாக்கிப் பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்பார்.

அவருடைய ஆடிட்டருக்கு இந்தப் பழக்கத்தில் அக்கறை இல்லை. அவர் காத்திருப்பது ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கு. மார்ச்சில் முடிந்த வருஷத்தின் அந்தக் கணக்கைக் கொடுக்கக் கெடு டிசம்பர் 31. போன வருஷத்தில் என்ன நடந்தது என்று சர்க்காருக்குச் சொல்லி முடிக்கும்போது, நடப்பு வருஷத்தில் மூன்று மாதம்தான் பாக்கி இருக்கும்.