ஆங்கிலத்தில் முழுமையை உணர்த்தும் பெயரடைகள்

ஒரு பண்பு எள்ளளவும் குறையாமல், வேறு எதுவும் கலவாமல் இருப்பதை உணர்த்தும் பெயரடைகள் ஆங்கிலத்தில் பல உள்ளன. அப்சொலியூட், கம்ப்ளீட், டோட்டல், அட்டர், ஷியர், அவுட்ரைட், பெர்ஃபெக்ட் ஆகியவை அவற்றுள் மிகுதியாக வழங்குபவை. அகராதிகள் இவற்றை ஒன்றுக்கொன்று நிகரான சொற்களாகத் தருகின்றன. பொருளளவில் அது பெரும்பாலும் சரியே. ஆனால் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் எது வரும் என்பதை வழக்குதான் முடிவு செய்கிறது. தமிழிலும் அப்படியே. 'பச்சைப் பொய்' என்கிறோம். 'பச்சை முட்டாள்' என்பதில்லை. 'அடிமுட்டாள்' உண்டு, 'அடிப்பொய்' இல்லை.

இக்குழுவின் தலைமைச் சொல் 'அப்சொலியூட்'. இலத்தீனில் 'விடுவித்தல், கட்டவிழ்த்தல்' எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்தது. எதனோடும் பிணைக்கப்படாதது, எதையும் சார்ந்து நில்லாதது என்பதே இதன் அடிப்படைப் பொருள். முழுமை என்பது அதிலிருந்து கிளைத்தது. இதைத் தெரிந்துகொண்டால், ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஏன் இத்தனை பெயர்ப்புகள் என்பது விளங்கும். இயற்பியலில் 'அப்சொலியூட் சீரோ' என்பது தனிச்சுழி வெப்பநிலை, அதாவது −273.15 டிகிரி செல்சியசு. அரசியலில் 'அப்சொலியூட் மெஜாரிட்டி' என்பது அறுதிப் பெரும்பான்மை. 543 இடங்கள் கொண்ட மக்களவையில் அது 272. அவைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை அந்த எண் சார்ந்திருப்பதில்லை. 'அப்சொலியூட் மோனார்க்கி' என்பது வரம்பற்ற முடியாட்சி. தனி, அறுதி, வரம்பற்ற என்ற மூன்றும் 'பிணைப்பில்லாத' என்ற பொருளைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து தொடுகின்றன. 'முழுமையான பெரும்பான்மை' என்று எழுதுவோர் சொல்லைப் பெயர்க்கிறார்கள், பொருளை விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்துறையில் இச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு பெரிது. இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமுறிவு நெடுங்காலம் இரண்டு ஆணைகளால் நிறைவேறியது. முதலில் வருவது 'டிக்ரீ நைசை'. 'நைசை' என்பது 'இல்லாவிட்டால்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். தடைக்குக் காரணம் எதுவும் காட்டப்படாவிட்டால் மணமுறிவு உண்டு என்பது கருத்து. பின்னர் வருவதே 'டிக்ரீ அப்சொலியூட்'. இந்த இரண்டாவது ஆணை வரும்வரை இருவரும் கணவன் மனைவியே. இடையில் ஒருவர் வேறு திருமணம் செய்தால் அது செல்லாது. ஒருவர் இறந்தால் மற்றவர் சட்டப்படி துணையை இழந்தவராகவே கருதப்படுவார். இங்கே 'அப்சொலியூட்' என்பது 'நிபந்தனை நீங்கியது' என்ற பொருளில் நிற்கிறது. 2022 ஏப்ரல் 6 முதல் புதிய வழக்குகளில் இவ்விரு பெயர்களும் நீக்கப்பட்டு, நிபந்தனை ஆணை, இறுதி ஆணை எனப் பொருள்படும் எளிய ஆங்கிலப் பெயர்கள் வந்துவிட்டன. பாமரருக்குப் புரியாத சொல்லை நீதிமன்றம் கைவிட்டது நல்லதே. இந்திய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் 'ரூல் மேட் அப்சொலியூட்' என்ற தொடரை இன்றும் காணலாம். மனு ஏற்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

'அட்டர்' என்பது 'வெளி' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 'அவுட்டர்' என்பதன் உடன்பிறப்பு. வெளி எல்லைவரை சென்றது என்ற கருத்திலிருந்து 'முற்றிலுமான' என்ற பொருள் வளர்ந்தது. இது பெரும்பாலும் தீயதோடு சேரும்: அட்டர் நான்சென்ஸ், அட்டர் கேயாஸ், அட்டர் ஃபூல். 'ஷியர்' அப்படியன்று. 'வேறொன்றுமில்லை, இது மட்டுமே' என்று சுட்டுவது அதன் வேலை. 'ஷியர் லக்' என்றால் திறமையோ முயற்சியோ கலவாத வெறும் அதிர்ஷ்டம். அளவைக் கண்டு மலைக்கும்போது 'ஷியர் சைஸ்' என்பர். அவ்விடத்தில் 'அட்டர் சைஸ்' என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் காதுக்கு உறுத்தும்.

இவ்விரு சொற்களும் பெயருக்கு முன் மட்டுமே வரும். 'அவன் ஓர் அட்டர் ஃபூல்' எனலாம். 'அவன் அட்டர்' என்று பயனிலையாக்க முடியாது. ஒரு பாறையை 'ஷியர்' என்று பயனிலையாகச் சொன்னால் 'செங்குத்தானது' என்று பொருளே மாறிவிடும். தேர்வுகளில் பிழை திருத்தும் வினாக்களில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'கம்ப்ளீட்', 'டோட்டல்' இரண்டுக்கும் இத்தகைய சாய்வு குறைவு. முன்பின் அறியாதவரை 'கம்ப்ளீட் ஸ்ட்ரேஞ்சர்' என்றாலும் 'டோட்டல் ஸ்ட்ரேஞ்சர்' என்றாலும் ஒன்றுதான். 'அவுட்ரைட்' என்பதில் ஒளிவுமறைவின்மை சேர்ந்திருக்கிறது. 'அவுட்ரைட் லை' என்பதற்குப் 'பச்சைப் பொய்' அச்சாகப் பொருந்தும்.

'மியர்' என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. தண்ணீர் கலக்காத மதுவைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, ஷேக்ஸ்பியர் காலத்தில் 'முழுமையான' என்ற பொருளில் வழங்கியது. கலப்பில்லாதது, அது மட்டுமே என்று சுருங்கிச் சுருங்கி, இன்று 'வெறும், அற்பமான' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. பிரித்தானிய அரச ஆவணங்களில் வரும் 'மியர் மோஷன்' என்ற தொடரில் மட்டும் பழைய பொருள் உறைந்து நிற்கிறது; பிறர் தூண்டுதல் இன்றி அரசரே தம் விருப்பால் செய்தது என்பது அதன் கருத்து. பழைய நாடகங்களைப் படிப்போர் இன்றைய பொருளைக் கொண்டால் வரியே தலைகீழாகும்.

முழுமைக்கு மேல் முழுமை உண்டா என்பது நெடுநாள் வழக்கு. 'பெர்ஃபெக்ட்' என்பதற்கு 'முற்றச் செய்து முடித்தது' என்பது மூலப்பொருள். 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று காலப்பெயரில் வருவதும் இதே பொருளில்தான். முடிந்ததை மேலும் முடிக்க இயலாது என்பதால், 1795இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் லிண்ட்லி மரே, ஒப்புமை வடிவம் ஏற்காத சொற்களின் வரிசையில் இதையும் வைத்தார். அவர் பிறந்த அமெரிக்காவிலோ, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1787இல் உருவான அரசியலமைப்பின் முகப்புரை 'மோர் பெர்ஃபெக்ட்' என்ற ஒன்றியத்தை அமைக்கப்போவதாக அறிவித்திருந்தது. அங்கே அது 'நிறைவை மேலும் நெருங்கிய' என்று பொருள்படுகிறது. அவ்வகையில் அது பிழையன்று என்பதே ஏற்கத்தக்கது. 'மோர் கம்ப்ளீட்' என்பதையும் நல்ல எழுத்தாளர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். 'ஒன்றே ஒன்று' எனப் பொருள்படும் 'யூனிக்' என்ற சொல்லுக்கு முன் 'வெரி' சேர்ப்பதைத்தான் இன்றும் பல ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். 'ஆல்மோஸ்ட் யூனிக்' என்பதை அவர்களும் தடுப்பதில்லை. எல்லையை அடையவில்லை என்று சொல்வதில் முரண் எதுவும் இல்லையல்லவா?