பூச்சியைப் படம் பிடிப்போம், பெயரைக் கண்டுபிடிப்போம்

தேன்கனிக்கோட்டைக்கு அருகில் ஒரு கொய்யாத் தோப்பு. அதன் சொந்தக்காரர் தம் கைப்பேசியை நீட்டி, "சார், இந்த மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். படத்தில் இலைமேல் ஒரு பஞ்சுத் துணுக்கு மங்கலாகத் தெரிந்தது; அவ்வளவுதான். தோப்புக்கே போய்ப் பார்த்தோம். வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு அந்தப் பூச்சி இலைக்காம்பில் விறுவிறுவென்று ஊர்ந்துகொண்டிருந்தது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது!

அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898-ஆம் ஆண்டில் செதில்பூச்சிகளை ஒழிக்கலாம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். தான் தின்னும் இரையைப் போலவே வேடமிட்டிருப்பதால், மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்புகளும் பெரும்பாலும் ஏமாந்துபோகின்றன. மனிதர் ஏமாறுவதில் வியப்பில்லை. ஆனால், எறும்பு ஏமாந்தால் புழு பிழைக்கும். நாம் ஏமாந்து மருந்தடித்தால் நமக்கு உதவும் புழுதான் முதலில் சாகும்.

நல்ல படம் இருந்திருந்தால் வீட்டிலிருந்தே இதைச் சொல்லியிருக்கலாம். பூச்சியை மிக நெருங்கி எடுக்கும்போது, படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கிவிடும். ஆகவே ஒரே படத்தை நம்பக்கூடாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, இருக்கும் செடியுடன் சேர்த்து ஒன்று எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவும் தெரிந்துவிடும். ஓசூர், தளி மேட்டுநிலத்தில் விடியற்காலைக் குளிர் நமக்குத் துணை. வெயில் ஏறி உடல் சூடாகும் வரை பூச்சிகள் எளிதில் பறப்பதில்லை. உங்கள் நிழல் மட்டும் அவற்றின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அடையாளம். முதலில் இறகுகளை எண்ணுங்கள். தேனீக்கு நான்கு, தேனீயைப் போல மஞ்சள் வரியுடன் பூவின்மேல் அந்தரத்தில் நிற்கும் சிர்பிட் ஈக்கு இரண்டே. இதன் புழுக்களில் பல அசுவினியைத் தின்பவை. அதையும் தெரியாமல் கொல்கிறோம். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும்.

சில வேளைகளில் ஒரு புள்ளியில் முழு விஷயமும் அடங்கிவிடும். எருக்கஞ்செடியைச் சுற்றி வரும் வெந்தய வரியனை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். புழுப்பருவத்தில் எருக்கின் நஞ்சைத் தின்று வளர்வதால் பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. நஞ்சில்லாத ஹிபோலிம்னஸ் மிசிப்பஸ் என்ற வேறோர் இனத்தின் பெண், அச்சாக அதே உடையில் திரிகிறது. ஆணோ கருநிறத்தில் வெள்ளைத் திட்டுகளுடன், துளியும் ஒட்டாத தோற்றம்! பின்னிறகைப் பாருங்கள்: வெந்தய வரியனுக்கு நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள், ஆணாயின் நான்கு. போலிக்கு மேல் விளிம்பருகே ஒரே புள்ளி. நானே பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணியவன்தான்.

படத்தால் எல்லாம் முடிந்துவிடாது. சிறு வண்டுகள், ஈக்கள் பலவற்றில் உள்ளுறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும். அங்கே குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஐயம் வந்தால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைப் போய்ப் பார்க்கலாம்.

அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளுக்குப் போக விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியின்றி நுழையக்கூடாது. பூச்சியைப் பிடித்து ஊசி குத்தி வைப்பதும் கூடாது. கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் வயல் வரை வரும். தரையில் குப்புறப் படுத்து எறும்பைப் படம் பிடிப்பவருக்கு யானை வருவது தெரியாது. உடன் ஒருவர் நின்று சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும்.

கொய்யாத் தோப்புக்காரர் அன்று மருந்தடிக்கவில்லை. மறு வாரம் நான்கு படங்கள் அனுப்பினார். ஒன்றில் இலையருகே ஒரு ரூபாய் நாணயம். அதை அடுத்துக் கருநிற உடலும் செம்மஞ்சள் தலையுமாக முழு வளர்ச்சியடைந்த வண்டு.