நாயை விட்டுச் செல்லுமுன்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடையார்கட்டை விட்டு ஓடியபோது எம்மிற் பலர் நாயை வளவிலேயே விட்டுச் சென்றோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று அரிவிவெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வெளியூர் போகும்போது அயல்வீட்டில் கட்டிவிட்டுப் போகிறோம். திரும்பும்போது நாயோடு தெள்ளும் வந்துவிடுகிறது.

தெள்ளின் முட்டைகள் நாயிலிருந்து உதிர்ந்து, அது படுக்கும் சாக்கிலும் நிழல் மண்ணிலும் விழுகின்றன. புழுக்கள் அங்கேயே வளர்ந்து கூடு கட்டுகின்றன. கூட்டுக்குள் தெள்ளு மாதக்கணக்கிற் காத்திருக்கும். நடமாட்டமும் உடற்சூடும் பட்டதும் வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டிற் கால் வைத்ததும் கடி விழுவது இதனாலேயே.

ஆகவே நாயைக் கட்டும் இடத்தை முதலிற் கூட்டித் துப்புரவாக்குவோம். சாக்கைச் சுடுநீரில் அவித்து, வெயிலிற் காயவைத்துக் கொடுப்போம். திரும்பியதும் வீட்டுக்குள் விடாமல், முற்றத்திலேயே சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டுவோம். நீர் பட்டதும் தெள்ளு தலைக்கு ஏறும்; கழுத்திலேயே முதலில் நுரை போட வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் மருந்தை நாயிற் பூசவே கூடாது. அது தோலால் ஊறும். நக்கினால் நாய் சாகவும் கூடும். தடவும் பிள்ளைக்கும் ஆபத்து. நாயின் நிறையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் மருந்து கேட்போம்.

அன்று கைவிட்ட சீவனை இன்று காக்க வழியுண்டு.