லொரேன் நாட்டு விருந்துப் பண்டம்

விருந்து என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்துவிடுகிறது. ஆனால் வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்து பேசிச் சிரித்துக் கொண்டிருக்க, அழைத்த இல்லத்தரசி மட்டும் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பது எந்தத் தேசத்திலும் காணக்கூடிய காட்சிதான். இந்தச் சங்கடத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கண்ட பரிகாரங்களில் ஒன்று 'கீஷ்' என்னும் பண்டம். முதல் நாளே செய்து வைக்கலாம். சூடாகவும் உண்ணலாம், ஆறிய பின்னும் உண்ணலாம். துண்டு போட்டால் ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம்.

கீஷின் தாயகம் பிரான்ஸின் வடகிழக்கிலுள்ள லொரேன் பிரதேசம். பெயரோ, பணியாரத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் திரிபு என்பர் மொழி வல்லார். எல்லைப்புறத்தில் பிறந்த பண்டத்துக்கு இரு மொழி உறவு இருப்பதில் வியப்பென்ன? 1871-ல் லொரேனின் ஒரு பகுதி ஜெர்மனியின் வசமாயிற்று. 1918-ல் பிரான்ஸுக்கு மீண்டது. 1940-ல் மறுபடியும் பறிபோய், அந்த யுத்தத்தின் முடிவில் திரும்பி வந்தது. நீண்ட ஆயுள் பெற்ற மெட்ஸ் நகரவாசி ஒருவர், தம் வாழ்நாளில் நான்கு முறை கொடி மாறக் கண்டிருக்கலாம். எந்தக் கொடி பறந்தாலும் அவர் வீட்டு அடுப்பில் கீஷ் வெந்துகொண்டுதான் இருந்தது.

ஆதியில் இது ஆடம்பரமில்லாத பண்டம். ரொட்டி மாவே அடித்தளம். அதன்மேல் முட்டையும் பாலேடும் கலந்த கலவை, புகையிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள். அவ்வளவுதான். வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவும், சீஸும், காய்கறிகளும் பின்னால் வந்து சேர்ந்தவை. எளிமையாய்ப் பிறந்த இப்பண்டம் அரண்மனை வரையில் சென்றது. 2023 மே 6-ந் தேதி மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா நடந்தபோது, மக்கள் கூடி உண்ணும் விருந்துகளுக்கென்று பிரிட்டிஷ் அரண்மனையார் வெளியிட்ட செய்முறை கீஷ்தான்!

அந்தச் செய்முறையையே சொல்லுவோம். மைதா மாவு 125 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 25 கிராம், பன்றிக் கொழுப்பு 25 கிராம், சிட்டிகை உப்பு, இரண்டு கரண்டி பால். கொழுப்பு வேண்டாதவர்கள் முழுவதும் வெண்ணெயாகவே சேர்க்கலாம். மாவைப் பிசைந்து அரை மணி நேரத்துக்கு மேல் குளிரில் வைத்து, மெல்லியதாகத் தேய்த்து, 20 செண்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் விளிம்பு வரை பரப்பவேண்டும். மேலே காகிதம் விரித்து, உலர்ந்த பயறு பரப்பி, 190 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் வெறுமனே சுடவேண்டும். இதை விட்டுவிட்டால் அடிமாவு ஈரத்தில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும்.

பிறகு 125 மில்லி பால், 175 மில்லி க்ரீம், இரண்டு முட்டை ஆகியவற்றை டாரகன் என்னும் மணத்தழையுடன் அடித்துக்கொள்ளவும். 100 கிராம் செடார் சீஸில் பாதியைத் தட்டில் தூவி, வேகவைத்த பசலைக் கீரை 180 கிராமும் அவரை வகை விதை 60 கிராமும் பரப்பி, கலவையை ஊற்றி, மீதிச் சீஸைத் தூவவும். கீரையை நன்றாகப் பிழிந்துவிடுவது அவசியம்.

இனிதான் பரீட்சை. சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து 20 முதல் 25 நிமிஷம் வைத்தால் போதும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் முட்டை இறுகி நீரைக் கக்கிவிடும். விருந்தினர் முன்னே வெட்டும்போது தட்டெல்லாம் தண்ணீர்! ஓரம் கெட்டியாகி, நடுப்பகுதி சற்றே அசையும்போது எடுத்துவிட வேண்டும்; உள்ளே தங்கிய சூடு மீதி வேலையைச் செய்துவிடும். சுடச்சுட வெட்டினால் துண்டு நில்லாமல் சரியும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது கீஷுக்கும் பொருந்தும்.

முதல் நாளே செய்தால் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். முட்டையும் பாலும் கலந்த பண்டமாதலால், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் உசிதமன்று. மற்றபடி, விருந்தன்று மாலையில் இல்லத்தரசிக்கு மிஞ்சும் வேலை, கத்தியை எடுத்துத் துண்டு போடுவது ஒன்றே. அந்தக் கத்தியையும் குடும்பத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, அவரும் கூடத்தில் வந்து உட்காரலாம்.