விமானி இப்போது என்ன செய்கிறார்?

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்றக் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்து இரவிரவாகக் கட்டுநாயக்க போகும்போது, பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிளேன் தானாப் பறக்குமாமே, பிறகு பைலற் எதுக்கு?"

பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஓட்டோ பைலற்தான் ஓட்டுகிறது என்பது உண்மை. முன்பு பெரிய விமானங்களில் விமானிகள் இருவரோடு, இயந்திரங்களைக் கவனிக்க ஒருவரும் வழி கணிக்க ஒருவரும் இருந்தார்கள். பின்னவர்களின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. கணினி சொல்வதை நம்பலாமா என்று தீர்மானிக்கும் வேலை மட்டும் விமானிகளிடமே இருக்கிறது. கடினமான வேலை அதுதான். அதை உணர்த்தும் விபத்துகள் உண்டு.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவுக்கு வந்த மார்ட்டின்எயார் டி.சி.-8 விமானம் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதி, 191 பேரும் இறந்தார்கள். தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலைநாட்டின் மேலேயே தாழ இறங்கியிருந்தார்கள். டொப்ளர் எனும் வழிகணிப்புக் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்திருந்ததே அந்தப் பிழைக்கு இடம் கொடுத்தது என்றது விசாரணை.

அடுத்தது பெங்களூர். 1988இல் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ-320இல் விமானி பிடியை அசைத்தால் அது மின்கம்பி வழியே கணினிக்குப் போகும். இறக்கைப் பகுதிகளை அசைக்கச் சொல்வது கணினி. 1990 பெப்ரவரி 14ஆம் திகதி இந்தியன் எயார்லைன்சின் அத்தகைய புது விமானமொன்று தரையிறங்க வந்தது. வானம் தெளிவு, இயந்திரங்களில் பழுதில்லை. ஆனால் தன்னியக்கம் இயந்திரங்களை மிகக் குறைந்த விசையில் ஓடவிடும் நிலைக்குப் போயிருந்தது. பக்கத்துக் குமிழைத் தவறுதலாகத் திருப்பியிருக்கலாம் என்று விசாரணை கருதியது. வேகம் குறைந்துகொண்டே போனதைக் கடைசி வினாடிகளில்தான் கண்டார்கள். ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் திடலில் விமானம் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். நல்ல விமானிகள் இருவர், கருவி என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே இறங்கியிருக்கிறார்கள். என் மனத்தை அதிகம் உறுத்துவது இந்த விபத்துத்தான்.

2009இல் அத்திலாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447 வேறு பாடம். வேகமானிக் குழாய்களில் பனி அடைத்ததும் ஓட்டோ பைலற் விலகியது. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டப் பயிற்சியில்லாத விமானிகளால் மீட்க முடியவில்லை. 228 உயிர்கள் போயின. கைப்பழக்கம் துருப்பிடிக்கிறது என்று கண்ட அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், இயன்றபோது கையாலும் ஓட்டவிடுமாறு 2013இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

கருவியும் மனிதரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீலங்கன் யு.எல். 504 சாட்சி. 2022 ஜூன் 13ஆம் திகதி, லண்டனிலிருந்து கொழும்புக்கு 275 பயணிகளுடன் துருக்கி வான்பரப்பில் 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறும்படி தரைக் கட்டுப்பாடு சொன்னது. அந்த உயரத்தில் வேறொரு விமானம் வருவதைக் கருவியில் கண்டிருந்த விமானிகள், ஏறாமல் அதைத் தெரிவித்தார்கள். விமானிகளின் விழிப்பையும் விமானத்தின் கண்காணிப்புக் கருவியையும் சேர்த்தே நிறுவனம் பாராட்டியது.

விமானியாக விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பௌதிகவியலையும் கணிதத்தையும் விளங்கிப் படியுங்கள். ஆங்கிலத்தைக் கூச்சமின்றிப் பேசிப் பழகுங்கள். பன்னாட்டுச் சேவையில் பறக்க, ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்ச்சியில் நான்காம் படியாவது கட்டாயம்.