வானிலைக்காக ஒரு போர்

1944 செப்டம்பரில் ஜெர்மனி 11 பேரை ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடகிழக்குத் தீவில் கொண்டுபோய் இறக்கியது. இடம் 80 டிகிரி வட அட்சரேகை. குளிர்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் சூரியனே தலைகாட்டாத ஊர். அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் அனுப்பப்பட்டது சுடுவதற்காக அல்ல. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் அளந்து, சங்கேத மொழியில் வானொலி வழியே தாயகத்துக்கு அனுப்ப வேண்டும். ‘ஹௌடேகன்’ என்று பெயரிடப்பட்ட இந்தக் குழுவின் தலைவர் வில்ஹெல்ம் டேகே, ஒரு புவியியலாளர்.

போர் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இத்தனை பாடு எதற்கு? வங்கக் கடலில் உருவாகிக் கிழக்கிலிருந்து வரும் புயல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு ஐரோப்பாவின் நிலைமை தலைகீழ். அங்கே வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. வெப்ப மண்டலத்துச் சூடான காற்று விரிந்து உயர்ந்து நிற்பதால், மேலடுக்கில் அழுத்தம் காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. பூமியின் சுழற்சி அதை வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திருப்ப, அது மேலைக்காற்றாகிறது. அந்தக் காற்றோடு தாழ்வழுத்த மண்டலங்களும் கிழக்கே நகர்கின்றன. ஆகவே பெர்லினில் நாளை மழையா என்று சொல்ல, இன்று அட்லாண்டிக்கில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் நேச நாடுகளின் கையில். ஜெர்மானிய வானிலையாளர்களின் வரைபடத்தில் மேற்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பத்தான் கப்பல்களும் விமானங்களும் துருவ முகாம்களும்.

அந்த வேலையில் மிக நுட்பமானது பலூன் விடுவது. ஹைட்ரஜனை அளந்து நிரப்புவார்கள். அளவு சரியாக இருந்தால் பலூன் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஏறும் என்பது முன்பே தெரியும். ஒருவர் தியோடலைட் கருவியில் கண்ணை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை பலூனின் உயரக் கோணத்தையும் திசைக் கோணத்தையும் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார். உயரமும் கோணமும் கிடைத்துவிட்டால், தரையளவில் பலூன் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது பள்ளிக்கூட முக்கோணவியல். ஒரு நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் இடையிலான நகர்வுதான் அந்த உயரத்தில் வீசும் காற்று. இரவில் பலூனுக்கு அடியில் சிறு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு அந்த ஒளிப்புள்ளியைத் தொடர்வார்கள். மேகத்துக்குள் புகுந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். உறைபனியில், கையுறை போட்ட விரல்களால் திருகைத் திருப்பிக்கொண்டே இதைச் செய்வதை எண்ணிப் பாருங்கள். இந்த எண்கள் விமானிக்கு மட்டுமல்ல, பீரங்கிப் படைக்கும் வேண்டும். தொலைதூரக் குண்டு பல காற்றடுக்குகளைக் கடந்து போகிறது. அவற்றின் வேகமும் அடர்த்தியும் தெரியாமல் குறிவைத்தால் குண்டு இலக்கைத் தவறவிடும்.

ஆளே இல்லாத நிலையங்களையும் ஜெர்மனி வைத்தது. 1943 அக்டோபரில் யூ-537 என்ற நீர்மூழ்கிக் கப்பல் இன்றைய கனடாவின் லாப்ரடார் கரையில் ரகசியமாக ஒரு தானியங்கி நிலையத்தை நிறுவிவிட்டுப் போனது. யாராவது பார்த்தாலும் சந்தேகப்படக் கூடாதென்று, கனடா நாட்டு வானிலைத் துறையின் கருவி போலத் தோன்றும்படி நிலையத்தின் உருளைகளில் பெயர் எழுதி வைத்தார்கள். 1981 வரை அது என்னவென்று கனடா அரசுக்கே தெரியாது. இன்று ஒட்டாவாவிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குப் பெரும் வியப்பு வேறொன்றில். வானிலைச் செய்திக்கு மாறாத வடிவம் உண்டு: குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட வரிசை, அழுத்தம், வெப்பம், காற்று. அந்த ஒழுங்கே ஜெர்மனிக்கு வினையானது. நீர்மூழ்கிகள் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தில் பூட்டி அனுப்பிய வானிலைத் தகவலை, கரையிலிருந்த நிலையங்கள் எளிதான வேறு சங்கேதத்தில் மறுபடியும் ஒலிபரப்பின. எளிதானதை உடைத்த பிரிட்டிஷார், அதே எண்களைக் கொண்டு எனிக்மாவின் அன்றைய திறவுகோலைத் தேடினார்கள். வடதிசைக் கடல்களில் தனியாக மிதந்த வானிலைக் கப்பல்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1941 மே மாதம் ‘மியூன்ஷன்’, ஜூனில் ‘லாவன்பர்க்’ என இரண்டைப் பிடித்து, சங்கேதத் தாள்களை எடுத்துக்கொண்டார்கள். வெப்பமானியைப் படிக்கப் போன சிலரால் ஒரு கடற்படையின் ரகசியமே கசிந்தது.

வானிலையை அறிவதில் இரு தரப்புக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு 1944 ஜூனில் முழுமையாகத் தெரிந்தது. பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்க முதலில் குறித்த நாள் ஜூன் 5. நேச நாடுகளின் தலைமை வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக், புயல் காரணமாக அதைத் தள்ளிப்போடச் சொன்னார். பிறகு, 6-ஆம் தேதி ஓரளவு அமைதி கிடைக்கும் என்றார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் நிலையத்தில் எடுத்த அளவீடுகளும் அந்தக் கணிப்புக்கு உதவின. மோசமான வானிலையை நம்பிய ஜெர்மானியத் தளபதி ரோமெல், மனைவியின் பிறந்தநாளுக்காக வீட்டுக்குப் போயிருந்தார்.

ஹௌடேகன் குழுவை அழைத்துச் செல்ல, ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. கடைசியில் நார்வேயின் சீல் வேட்டைக் கப்பல் ஒன்று வந்தது. 1945 செப்டம்பர் 4 அன்று அதன் தலைவரிடம் டேகே சரணடைந்தார். ஆயுதத்தைக் கீழே வைத்த கடைசி ஜெர்மானியப் படைப்பிரிவு இந்த வானிலைக் குழுதான் என்கிறார்கள்.

அன்று பூட்டி வைத்த அதே எண்களை, 1950-இல் உருவான உலக வானிலை அமைப்பின் வழியாக இன்று நாடுகள் ஒன்றுக்கொன்று இலவசமாகக் கொடுக்கின்றன. சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் விடும் பலூன்களின் அளவீடுகளும் அதில் சேர்கின்றன.