மாற்று இதயமும் மாத்திரையின் அளவும்

1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த, மனிதரிடமிருந்து மனிதருக்கான முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையில், பொருத்திய இதயம் நன்றாகவே துடித்தது. ஆனாலும் நோயாளி 18 நாள்தான் உயிரோடிருந்தார். எதிர்ப்புச் சக்தியை மருந்துகளால் அடக்கி வைத்திருந்த உடம்பை நிமோனியா வீழ்த்திவிட்டது. அடக்காமல் விட்டால் உடல் புது இதயத்தைத் தாக்கும். அதிகம் அடக்கினால் தொற்று உள்ளே புகும். மருந்தின் அளவை இந்த இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பதுதான் இன்றைக்கும் பெரிய வேலை.

ரத்தம் எப்போது எடுக்க வேண்டும்?

இதய மாற்று செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்க இன்று டாக்ரோலிமஸ் என்ற மருந்து தரப்படுகிறது. ஒரே டோஸைச் சாப்பிடும் இருவரின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றாக இருக்காது. அதனால்தான் அடிக்கடி பரிசோதனை. முதல் சில மாதங்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 15 நானோகிராம், பிறகு 5 முதல் 10 என்பது பல மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிந்து, அடுத்ததைப் போடும் முன் எடுத்த ரத்தத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும்.

பரிசோதனை நாளன்றும் வழக்கம்போல் எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, பத்து மணிக்கு லேபில் கையை நீட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி டாக்டர் டோஸைக் குறைத்தால், இதயத்துக்கு இருந்த காப்பு குறைந்துவிடும். மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். மறந்து முன்பே போட்டுவிட்டால், போட்ட நேரத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தசைத் துணுக்கு சொல்வது

ரத்தத்தில் அளவு சரியாக இருக்கிறது என்பதால் இதயத் தசையும் நலம் என்று முடிவுகட்ட முடியாது. அளவு இலக்குக்குள் இருக்கும்போதே உடல் இதயத்தை நிராகரிக்கத் தொடங்குவதுண்டு. இதை நேரில் பார்த்துச் சொல்வது பயாப்சி. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபிலிப் கேவ்ஸ் வகுத்த வழி இன்றும் தொடர்கிறது: கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய இடுக்கியைச் செலுத்தி, வலது கீழறையிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குகள் சிலவற்றை எடுப்பார்கள்.

சாயமேற்றிய துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் தசை இழைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவற்றுக்கிடையே கருநீலப் புள்ளிகளாகத் தெரிபவை, தாக்க வந்த வெள்ளணுக்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். கூட்டமாகச் சூழ்ந்து, பல இடங்களில் இழைகளைச் சிதைத்திருந்தால் ஸ்டீராய்டு உள்ளிட்ட சிகிச்சை உடனே தேவை.

மாற்று இதயத்துக்கு வந்த நரம்புகள் அறுபட்டவை என்பதால் நெஞ்சுவலி பெரும்பாலும் எச்சரிக்காது. ஆரம்ப நிராகரிப்பில் மூச்சிரைப்புகூட இல்லாதிருக்கலாம். ஆகவே, “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று முதல் வருடத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

வேறு மருந்து சேரும்போது

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவைச் சரித்துவிடும். ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் ஆகியவை ஏற்றிவிடும். ஏறினால் கை நடுங்கும், சிறுநீரகம் பழுதாகும். வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையோ, நாட்டு மருந்தோ, எதைத் தொடங்கும் முன்பும் உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.